எல்லை வீட்டில் ஒரு மணப்பெண்

“ஒரு உடுப்பைத் தைக்கேக்கை நீ அதை உடுத்தப்போறவளை நினைப்பியோ, கழட்டப்போறவளை நினைப்பியோ?”

வேலைக்குச் சேர்ந்த அன்று வேரோனிக்கா அக்கா நிரூபாவிடம் இப்படித்தான் கேட்டாள். யாராவது திடீரென்று ஏதாவது கேட்டால் நிரூபாவுக்கு வார்த்தை உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, கேள்வி என்றாலே இன்னும் வகுப்பில் எழுந்து நிற்பது போலத்தான்.

“உடுத்துறவளைத்தான் அக்கா,” என்று ஒப்புக்குச் சொன்னாள்.

“அப்ப நீ இன்னும் சாறி பிளவுஸ்தான் தைச்சுக்கொண்டிருக்கிறாய். இஞ்சை கழட்டுறதுதான் முக்கியம். கமரா ஓடிக்கொண்டிருக்கேக்கை டக்கெண்டு உரிச்சு எடுக்க வேணும். ஆனா பாக்கிற சனத்துக்கு அது இருநூறு கொக்கி போட்டு இறுக்கின மாதிரித் தெரிய வேணும். விளங்குதோ?”

விளங்கியது. கைக்கு வேலை சொன்னால் நிரூபாவுக்கு விளங்காதது எதுவுமில்லை.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், கார் திருத்தும் கடைகளுக்கு நடுவில் இருந்த அந்தத் தையல்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் தைப்பதெல்லாம் ஒரே பெண்ணுக்கான உடுப்பு. ஓகுஸ்டா என்று பெயர். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஜேர்மன் பிரபு வீட்டுப் பெண். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகக் கதை எழுதுகிறவர்கள் உண்டாக்கிய பெண்.

“உண்மையா இருந்தவவோ அக்கா?” என்று ஒருமுறை கேட்டாள்.

“உப்பிடி ஒருத்தி இருக்கேல்லை. நாலைஞ்சு பேரின்ரை வாழ்க்கையை வெட்டி ஒட்டினது. எங்கடை வேலை மாதிரித்தான்.”

வேரோனிக்கா பாசையூரில் பிறந்து, அகதிப் பிள்ளையாக ஜேர்மனியில் வளர்ந்து, கல்யாணம் செய்து ரொறன்ரோவுக்கு வந்தவள். அவளுக்கு ஜேர்மன் சரித்திரமும் தெரியும், யாழ்ப்பாணத்துப் பகிடியும் தெரியும். “ஓகுஸ்டாவின்ரை தகப்பன் பெரிய ஆள் எண்டு நினையாதை. மோர்னிங்சைடிலை பஸ் ஏறிப் பிக்கரிங்கிலை இறங்கினால் அந்தாளின்ரை நாடு முடிஞ்சிடும். வீட்டிலை அஞ்சு பெட்டையள். சீதனத்துக்கு வழியில்லை. வெளிநாட்டிலையிருந்து ஒரு இளவரசனுக்குக் கேட்டு வர, படத்தைப் பாத்திட்டுத் தூக்கிக் குடுத்திட்டார்.”

“படமோ?”

“கையளவு படம். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கீறினவன் அதை மட்டும் கீறாமல் விட்டிட்டான். அந்தக் காலத்துப் ஃபில்ரர்.”

ஓகுஸ்டாவின் வாழ்க்கை நிரூபாவுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. படப்பிடிப்பு எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையில்தான் உடுப்பு வரும். அவள் முதலில் தைத்தது விதவைக் கறுப்பு. அதற்குப் பிறகு பிள்ளைத்தாச்சிக் கவுண்கள். ஏழு தரம் பெருத்த வயிற்றுக்கு ஏழு அளவு. பிழைத்த பிள்ளைகள் மூன்றுதான். பிறகு மகன் சிறுவனாக இருக்க, அவனுக்காக நாட்டை ஆண்ட காலத்துக் கடும் பச்சை. கடைசிக் காலத்தில் பிரபு வீட்டுத் தனிக்கட்டைப் பெண்கள் சேர்ந்து இருக்கும் மடத்தில் அவள் போட்ட சாம்பல் நிறம். கிழவியைத் தைத்து முடித்த பிறகுதான் பதினாறு வயதுப் பெட்டை வந்தாள்.

அந்தப் பெட்டையின் உடுப்பைக் கழற்றும் நாள்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை.

அதே செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிலாணியும் வந்து இறங்குகிறாள்.

நிரூபாவின் கொழுந்தன் வாகீசன் கிளிநொச்சிக்குப் போய் நிலாணியைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு வந்ததும், விசாவுக்காக வீடு முழுவதும் காத்துக் கிடந்ததும் பழைய கதை. கடைசியில் விசா வந்துவிட்டது. மாமியார் தவமணி மூன்று நாளாகச் சமைத்து, வீட்டைக் கழுவி, கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியே இல்லாதது போல ஆக்கிவிட்டாள்.

அன்று காலை நிரூபா வேலைக்குப் புறப்படும்போது, மாமி ஒரு பெரிய கடைப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“பிள்ளை, உதை உன்ரை காரிலை வை. மறந்துபோய் விட்டிட்டு வந்திடாதை.”

நிரூபா பையை எட்டிப் பார்த்தாள். வைன் நிறத்தில் முழங்கால் மட்டும் வரும் ஒரு கோட். கழுத்து உயர்ந்த வெள்ளை மேற்சட்டை. ஜீன்ஸ். குதி வைத்த சப்பாத்து. விலைத்துண்டு எல்லாம் கத்தரித்து எடுத்திருந்தது.

“அவள் வெளியிலை வந்த உடனை, ஒருத்தரும் பாக்கிறதுக்கு முன்னம் வோஷ்றூமுக்குக் கூட்டிக்கொண்டு போ. முழுக்க மாத்திவிடு. தலைமயிரையும் அவிட்டுவிடு. போட்டுக்கொண்டு வந்ததைச் சுத்திப் பையிலை வை. விளங்கிச்சோ?”

“கோட்டை மட்டும் மேலாலை போட்டாக் காணும் தானே மாமி? குளிருக்கு...”

“குளிருக்கோ நான் சொல்லுறன்?” மாமி சிரித்தாள். “றொய்சன் வீடியோ எடுக்க வாறான். வாகீசன்ரை ஒஃபீஸ் ஆக்கள் ரண்டுபேர் வருகினம். வந்து இறங்கின கோலத்திலையே நிக்க விடுறதே?”

வாகீசன் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தான். இங்கே பிறந்து வளர்ந்தவன். வங்கி ஒன்றில் கணினி வேலை. மாப்பிள்ளைக்களை முகத்தில் இருந்தாலும் இரவு நித்திரை கொள்ளாத கண்.

“சைஸ் சரியா இருக்குமா அண்ணி?” என்று கேட்டான். “ஐ மீன், நீங்க தைக்கிற ஆள். பாத்தாத் தெரியும்தானே.”

“படத்திலை பாத்த அளவுக்குச் சரிதான்.”

“ஓகே. குட்.” குவளையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் படியேறிப் போனான். பெண்ணைப் பார்க்கப் போகிறவனின் பரபரப்பு என்று நினைத்துக்கொண்டாள் நிரூபா.

அவளுடைய கணவன் பிரியந்தன் லொறியோடு வின்னிபெக் பக்கம் போயிருந்தான். அவன் இருந்திருந்தால்கூட இதில் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். நிரூபா வந்து இறங்கிய அன்றும் அவன் ஒன்றும் சொல்லவில்லையே.

அன்றும் இதேபோல ஒரு பை. அன்றும் இதேபோல விமான நிலையத்து வோஷ்றூம். அவளுடைய அம்மா ஊதா நிறத் துணி எடுத்து, கழுத்தைச் சுற்றிக் கையால் பூவேலை செய்து அனுப்பிய சட்டையை மாமி தலைவழியே உருவினாள். “உதெல்லாம் இஞ்சை ஒருத்தரும் போடமாட்டினம்,” என்று அதைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டாள். தொட்டியின் மூடி முன்னும் பின்னும் ஆடி ஆடி நின்றது. நிரூபா வாயே திறக்கவில்லை. கனடாவில் அவள் கேட்ட முதல் சத்தம் எது என்று யாராவது கேட்டால், அந்த மூடியின் சத்தத்தைத்தான் சொல்லுவாள்.

*

ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய வீட்டைப் படப்பிடிப்புக்காக இரு நாட்டு எல்லை வீடாக மாற்றியிருந்தார்கள். ஒரே அறை, எதிரெதிரே இரண்டு கதவு. நடுவில் ஒரு சிவப்புக் கம்பளம்.

“இந்தக் கதவாலை ஓகுஸ்டா தன்ரை ஆக்களோடை வருவாள்,” என்று வேரோனிக்கா விளக்கினாள். “அந்தக் கதவாலை புதுச் சனத்தோடை போவாள். நடுவிலை நிக்க வைச்சு, பிறந்த நாட்டுத் துணி ஒரு நூல் மிச்சமில்லாமல் கழட்டுவினம். சில அரண்மனையளிலை அப்பிடி ஒரு வழக்கம் இருந்ததுதான்.”

“எல்லாத்தையுமோ?”

“காலுறை வரைக்கும். தோழியள், வளத்தவ, நாய்க்குட்டி எல்லாரும் வந்த வழியிலை திரும்பிப் போக வேணும். கழட்டின உடுப்பைப் புது நாட்டுச் சீமாட்டியள் தங்களுக்கை பங்கு போடுவினம்.”

ஓகுஸ்டாவாக நடிக்கிறவள் ஹமில்டன் பக்கத்துப் பெண். கடைசி நிமிடம் வரைக்கும் சுவிங்கம் சப்பிக்கொண்டிருந்தாள். நிரூபா முதுகுக் கயிற்றை இறுக்கும்போது, “உன்னுடைய கைதான் சூடாக இருக்கிறது, மற்றவர்கள் எல்லோருக்கும் ஐஸ்,” என்று சொல்லிச் சிரித்தாள்.

நெறியாளர் கையைக் காட்டினார். சுவிங்கம் எங்கேயோ மறைந்தது. நடுக் கம்பளத்தில் பதினாறு வயது ஓகுஸ்டா நின்றாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்ற நிரூபா, தன்னுடைய தையல் பிரிவதைப் பார்த்தாள். மேலங்கி விழுந்தது. கைகள் கழன்றன. பாவாடை ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. கொக்கிகள் அவள் நினைத்தபடியே வழுக்கிக்கொண்டு விட்டன. ஒரு இடத்திலும் சிக்கவில்லை. சந்தோசப்பட வேண்டிய நேரம். அவளோ நூலை ஊசியில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“அந்தமாதிரி வந்திருக்கு!” சாப்பாட்டு நேரம் வேரோனிக்கா அவளுடைய தோளில் தட்டினாள். “உந்தக் கம்பளத்தைச் சுருட்ட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். அடுத்த கிழமை இதே அறையிலை இன்னொரு சீன் கிடக்கு.”

“ஆர் வாறது?”

“மருமகள். ஓகுஸ்டாவின்ரை மகனுக்குப் பொம்பிளை வருது. உடுப்புக் கழட்டுறதுக்குப் பொறுப்பா ஆர் வந்து இருக்கிறது எண்டு சொல்லு பாப்பம்.”

நிரூபா பாணைக் கடிக்காமல் பார்த்தாள். “அவவோ?”

“அவவே தான். இப்ப அவ மாமியெல்லே! நீ தைச்ச கடும் பச்சையைப் போட்டுக்கொண்டு, கதிரையிலை இருந்துகொண்டு, ‘காலுறையையும் கழட்டுங்கோ’ எண்டு சொல்லுவா.”

“அவவுக்குத் தனக்கு நடந்தது மறந்து போச்சோ அக்கா?”

“மறக்கேல்லை. இதெல்லாம் எல்லாருக்கும் நடக்கிறதுதானே எண்டு பழகிப்போச்சு. கெட்ட மனுசி இல்லை அவ. ஏழு பிள்ளை பெத்து, நாலைப் புதைச்சு, ஒரு நாட்டையே கட்டிக் காத்தவ. இந்தக் கதிரையிலை வந்து இருந்த உடனை வேறை ஒண்டும் செய்யத் தெரியேல்லை.”

நிரூபா கையிலிருந்த பாணை அப்படியே சுற்றி வைத்தாள். காரின் பின் சீற்றில் கிடந்த பை நினைவுக்கு வந்தது. இன்று அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகப்போவது மாமி இல்லை. அவள்தான்.

மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தாள். நிலாணி எப்படி வருகிறாளோ அப்படியே வெளியே கூட்டிக்கொண்டு வருவேன். மாமி என்ன சொன்னாலும் சரி. இந்த வீட்டில் இதுவரைக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவளுக்கு, அந்த ஒரு சொல்லை நினைப்பதே புதிதாக இருந்தது.

*

பியர்சன் விமான நிலையத்தில் றொய்சன் எல்லோரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். வாகீசனின் சிநேகிதன்; கல்யாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவன்.

“அன்ரி, அவ உடுப்பு மாத்தின உடனை இந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலை கொண்டுவந்து விடுங்கோ. அங்கையிருந்து நடந்து வரட்டும். அப்பதான் பிளேனாலை இறங்கி வாற மாதிரி இருக்கும். வாகீசன், நீ கதவையே பார். இஞ்சை அங்கை திரும்பாதை. லுக் எக்ஸைட்டட், மச்சான்!”

வாகீசன் பூங்கொத்தோடு கதவைப் பார்த்து நின்றான். அலுவலக நண்பர்கள் இருவரும் அவனைக் கேலி செய்தபடி பக்கத்தில் நின்றார்கள்.

மாமியின் ஏற்பாடு எப்போதும் பிசகாது. நிலாணி உண்மையாக வெளியே வரும் நேரம் மற்ற எல்லோரையும் கோப்பிக்கடைப் பக்கம் அனுப்பிவிட்டு, கதவடியில் தானும் நிரூபாவும் மட்டும் நின்றாள். நிலாணி தள்ளுவண்டியோடு வந்தாள்.

இளநீலக் கொட்டன் சாறி. தோளில் மடிப்பு எடுத்து ஊசி குத்தியிருந்தது. கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகும்போது கட்டுகிற மாதிரியே. இருபது மணிநேரப் பயணத்தில் முன்மடிப்பு கசங்கிப் போயிருந்தது. செருப்புக்குள் சாம்பல் நிறச் சொக்ஸ்.

“மாமி!” என்றாள்.

தவமணி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. “என்ரை பிள்ளை, என்ரை குஞ்சு, வந்திட்டியே!” என்று முதுகைத் தடவினாள். அதே கையால் சாறித் தலைப்பை இழுத்துச் சொக்ஸை மறைக்கப் பார்த்தாள். “நிரூ, கெதியாக் கூட்டிக்கொண்டு போ. வண்டிலோடை நான் நிக்கிறன்.”

வோஷ்றூமுக்குள் வந்ததும் நிலாணி கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஊசியைச் சரி செய்தாள்.

“அவர் வந்திருக்கிறாரோ அக்கா?”

“வந்திருக்கிறார். பூவோடை நிக்கிறார்.”

நிலாணியின் முகம் மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, வீடியோ எடுக்க முன்னம் நான் அவரோடை ஒருக்காத் தனியக் கதைக்க வேணும். ஒரு விசயம்—”

“கதைக்கலாம், கதைக்கலாம். முதல் நான் சொல்லுறதைக் கேள்,” என்றாள் நிரூபா.

இத்தனை வருடமாகப் பூட்டிக் கிடந்த வாய். திறந்ததும் மூட முடியவில்லை. ஊதாச் சட்டையைச் சொன்னாள். தொட்டியைச் சொன்னாள். எல்லை வீட்டையும் ஓகுஸ்டாவையும்கூடச் சொன்னாள். “நீ ஒண்டும் மாத்த வேண்டாம். இப்பிடியே வா. மாமியோடை நான் கதைக்கிறன். நீ பேசாமல் இரு. எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்.”

“அக்கா, நான் என்ன நினைக்கிறன் எண்டால்—”

“நீ பயப்பிடாதை.”

நிலாணி சிரித்துவிட்டாள். படிப்பித்த பழக்கமோ என்னவோ, பேச விடாத பிள்ளையைப் பொறுத்துக்கொள்ளும் சிரிப்பு. “பயமில்லை அக்கா. இந்தச் சாறியை வேணுமெண்டுதான் கட்டிக்கொண்டு வந்தனான். இதோடைதான் அவர் என்னை முதல் பாத்தவர். பள்ளிக்கூட வாசல்லை. ‘யூ லுக் லைக் எ குயின்’ எண்டவர். அங்கை நிண்ட ஏழாம் ஆண்டுப் பிள்ளையள் முழுக்கச் சிரிச்சதுகள்.”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளறை ஒன்றுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அவள் போனதும் வெளிக்கதவு திறந்தது. மாமி.

“என்ன பிள்ளை இவ்வளவு நேரம்? எங்கை அவள்?”

“உள்ளுக்கை.”

மாமியின் கண் பைக்குப் போனது. பை கட்டுக் கலையாமல் நிரூபாவின் கையில் தொங்கியது. “பிரிக்கவே இல்லை! அளவில்லையோ?”

“அளவு பாக்கேல்லை மாமி. நான் மாத்த வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

கை உலர்த்திக்கொண்டிருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரி இருவரையும் பார்த்துவிட்டு மெல்ல நழுவினாள்.

“ஆருக்கு ஆர் சொல்லுறது?” மாமிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு ஆச்சரியம். “நீயோ சொன்னனி?”

“ஓம். நான்தான்.” நிரூபா பையை முதுகுக்குப் பின்னால் எடுத்தாள். “என்ரை சட்டையை எறிஞ்ச மாதிரி அவளின்ரையை எறிய விடமாட்டன்.”

“எந்தச் சட்டை?”

நிரூபா மாமியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பு இல்லை. உண்மையாகவே நினைவில்லை. எத்தனையோ இரவு தன்னை நித்திரை கொள்ள விடாத ஒன்று, அதைச் செய்தவளின் மனதில் ஒரு தூசியாகக்கூட ஒட்டியிருக்கவில்லை.

“ஊதாச் சட்டை மாமி. அம்மா தைச்சது. இஞ்சை, இதே இடத்திலை, குப்பையிலை போட்டனீங்கள்.”

தவமணி கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு ஆரும் பை கொண்டு வரேல்லை பிள்ளை. நான் வரேக்கை ஜனவரி மாசம். நூல் சாறி. றப்பர் செருப்பு. இடுப்பிலை பிரியந்தன், அவனுக்குக் காய்ச்சல். கூட்டிக்கொண்டு போக வந்த மனுசியும் எங்கடை ஆள்தான், ஊரிலை எனக்குத் தெரிஞ்ச ஆள். கார் சீற்றிலை பேப்பரை விரிச்சுப்போட்டுத்தான் என்னை இருக்க விட்டவா. சீற் பழுதாப் போமாம். வீட்டை போகுமட்டும் அந்தப் பேப்பர் எனக்குக் கீழை கரகரவெண்டு கொண்டு வந்தது. அண்டைக்கு நினைச்சனான், என்ரை வீட்டுக்கு வாற ஒரு பிள்ளையையும் ஆரும் அப்பிடிப் பாக்க விடக்கூடாது எண்டு.”

இதை மாமி யாருக்கும் சொன்னதில்லை. நிரூபாவுக்கு மாமியின் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இன்றுதான் பேசப் பழகிய வாய், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை.

“அப்ப ஏன் மாமி, அந்த மனுசி உங்களைப் பாத்த மாதிரி நீங்கள் என்னைப் பாத்தனீங்கள்? இப்ப இவளையும் பாக்கிறியள்.”

தவமணியின் முகம் சிவந்து பொங்கியது. மனதின் எந்த இடத்தைத் தொடக்கூடாதோ அந்த இடத்தில் கை வைத்துவிட்டாள் மருமகள்.

“எல்லாப் பழியையும் என்ரை தலையிலை போடாதை!” என்றாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. “நானோ வாங்கினனான் உந்த உடுப்பு? கடை கடையாத் திரிஞ்சு வாகீசன்தான் வாங்கினவன். அம்மா, சாறியோடை மட்டும் வெளியிலை கூட்டிக்கொண்டு வந்திடாதேங்கோ, ஒஃபீஸ் ஆக்கள் நிக்கினம், எனக்கு வெக்கமா இருக்கும் எண்டு அவன்தான் என்னைக் கெஞ்சினவன். போ, போய் அவனைக் கேள்!”

சொல்லி முடித்த பிறகுதான் மாமிக்கு எங்கே நிற்கிறோம் என்ற நினைப்பு வந்தது. கையால் வாயைப் பொத்தினாள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

நிலாணி வெளியே வந்தாள். குழாயைத் திறந்து கை கழுவினாள். ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். கண்ணாடியில் அவர்கள் இருவரும் தெரிந்திருப்பார்கள், அவள் பார்க்கவில்லை. கையைத் துடைத்தாள். கசங்கிய முன்மடிப்பை ஒரு தரம் நீவினாள். தோள்ப்பையை மாட்டிக்கொண்டாள்.

“பிள்ளை, நான் சொல்ல வந்தது என்னெண்டால்...” மாமி குறுக்கே வந்தாள். “அவன் சின்னப் பெடியன் மாதிரி, ஒண்டும் நினையாமல்...”

நிலாணி வழி விடுவதற்காகக் காத்து நின்றாள். மாமி விலகினாள். நிலாணி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

நிரூபா பையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். நடைபாதை முடியும் இடத்தில், சனங்கள் காத்து நிற்கும் மண்டபம். அங்கே கோப்பிக்கடையிலிருந்து திரும்பி வந்த றொய்சனின் வெளிச்சம் எரிந்தது. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவரும் வராத கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்றார்கள். வாகீசன் குதிக்காலை உயர்த்தி எட்டி எட்டிப் பார்த்தான். சட்டைக் கொலரை இழுத்துவிட்டான். பூங்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

நிலாணி அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். கையை நீட்டினால் அவனுடைய தோளைத் தொடலாம்.

அவன் திரும்பவில்லை. திரும்பாதே என்றுதானே சொல்லி வைத்திருந்தார்கள்.

அலுவலக நண்பன் ஒருவன் ஏதோ பகிடி சொன்னான். வாகீசன் சிரித்தான். நிலாணி அந்தச் சிரிப்பு முடியும்வரை நின்றாள்.

நிரூபா கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் இன்று அந்தப் பெண் வாயெடுத்த ஒவ்வொரு தரமும் குறுக்கே பேசியது தான்தான் என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கியது. சாறியோடு வருவதா, மாற்றிக்கொண்டு வருவதா என்று இரண்டு பெண்கள் அவளுக்காகச் சண்டை பிடித்தார்களே தவிர, வாகீசனிடம் அவள் என்ன சொல்ல இருந்தாள் என்று ஒருத்தியும் அவளைக் கேட்கவில்லை.

நிலாணி திரும்பினாள். வாகீசனைத் தாண்டி, வெளிச்சத்தைத் தாண்டி, தெருப்பக்கக் கதவை நோக்கி நடந்தாள். கதவு தானாகத் திறந்தது. மாசி மாதத்துக் குளிர் மண்டபத்துக்குள் வீசி அடித்தது. யாரோ கோட்டை இழுத்து மூடினார்கள்.

இளநீலத் தலைப்பு காற்றில் எழும்பியது. அவள் அதைப் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாடகைக் கார்கள் வரிசையாக நின்ற பக்கம் போனாள்.